நிற்காத பெயர்கள்

பாச்சாங் ஊரில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் மூன்று நாற்காலி போட்டு ஒரு கணினி நிறுவனம் இருந்தது. முதல் நாற்காலி முதலாளி சாமிநாதனுக்கு. இரண்டாவது அவர் மகன் தினேஷ்வரனுக்கு. அதில் பெரும்பாலும் அவன் சட்டை மட்டும் தொங்கும். மூன்றாவதில் தேவிஸ்ரீ உட்கார்ந்து மூன்று பேர் வேலையையும் பார்த்தாள். மூன்று மாதத் தற்காலிக வேலை. "சங்கத்துக் குலுக்கல் நல்லபடியா நடக்கட்டும்மா, உன்னை நிரந்தரமாக்கிடுறேன்" என்று சாமிநாதன் வாக்குக் கொடுத்திருந்தார்.

அவர், தோட்டப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளரும்கூட. ஆண்டு விருந்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுப்பது 1999க்குப் பொருந்தாது என்று அவருக்குப் பட்டுவிட்டது. திரையில் உறுப்பினர் பெயர்கள் சரசரவென்று ஓடும். தலைவர் பொத்தானை அழுத்துவார். நிற்கும் பெயருக்கு டிவி. இதற்கான கணினி நிரலை எழுதியவன் தினேஷ்வரன்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. பெயர்களை ஓட்டுவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை, திரெட் என்பார்கள். ஓடுகிற திரெட்டை யாரும் கழுத்தைப் பிடித்து நிறுத்தக்கூடாது. பாதி வேலை பாதியில் கிடந்து நாறும். 'நிறுத்து' என்று கோரிக்கைதான் அனுப்பலாம். பார்த்து நிற்பது அதன் மரியாதை. தினேஷ்வரனின் திரெட் ஒவ்வொரு பெயரைக் காட்டியதும் ஒரு கணம் தூங்கும். அந்தத் தூக்கத்தில் கோரிக்கை வந்தால் விழித்து, வாங்கி, தூர எறிந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடும்.

தேவிஸ்ரீ ஒரு வாரமாகச் சொல்ல முயன்றாள்.

"சார், அந்தத் திரெட் தூங்கும்போது…"

சாமிநாதன் கையை உயர்த்துவார். "அப்புறம்மா."

அவள் நிறுத்திவிடுவாள். கை உயர்ந்தால் வாய் மூடவேண்டும் என்றுதான் அவளை வளர்த்திருந்தார்கள். இதற்கிடையில் அவர் ஒருமுறை பொத்தானை அழுத்த, திரெட் விழித்திருந்த நேரமாக அமைந்து பெயர் நின்றும் தொலைத்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். "பாத்தியா? என் மகன் எழுதின கோடுலே கை வைக்காதே" என்றார்.

ஞாயிறு மதியம் மண்டபம் நிறைந்தது. தலைவர் பிச்சைமுத்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். அவர் பேச ஆரம்பித்தால் குழந்தைகள் வளர்ந்துவிடும் என்பது சங்கத்தில் வழங்கும் பேச்சு. அவரை நிறுத்தத் துண்டுச் சீட்டு அனுப்புவது வழக்கம். வாங்கிப் பார்த்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சுங்கை ரம்பாயில் தாம் சைக்கிளில் சங்கம் வளர்த்த கதைக்குப் போய்விடுவார். இருபது வருடத்தில் ஒரு சீட்டுக்கும் அவர் மதிப்புக் கொடுத்ததில்லை.

அன்று அந்தப் பேச்சு நீள வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே தேவிஸ்ரீ ஒருத்திதான். மேடை ஓரத்தில் கணினி. நைசாகப் போய் உட்கார்ந்து, கோரிக்கையை எறியும் இடத்தில் 'நின்றுவிடு' என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். சேமித்தாள். இனி நிரலை மறுபடி தொகுக்கவேண்டும்; அது முடிந்தால்தான் புதிய வரி வேலை செய்யும். பழைய கணினி, கரகரவென்று யோசித்தது.

முதல் சீட்டு வந்தது. பைக்குள் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. பேசுங்க ஐயா, பேசுங்க என்று அவள் மனம் கெஞ்சியது.

நான்காவது சீட்டைச் சமையற்கட்டிலிருந்து மங்களம் அனுப்பினாள்; தலைவரின் மனைவி. 'பிரியாணி தீரப் போகுது.' பிச்சைமுத்து படித்தார். "இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்" என்றார். மண்டபமே எழுந்து கைதட்டியது.

"சார், ரெண்டே நிமிஷம்…"

"அப்புறம்மா!" சாமிநாதன் அவளை நகர்த்திவிட்டுத் தாமே நிரலை ஓடவிட்டார். தொகுப்பு முடியவில்லை; பழையதுதான் ஓடியது.

பெயர்கள் பறந்தன. தலைவர் அழுத்தினார். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார், பிறகு குத்தினார். மண்டபம் சிரித்தது. சாமிநாதனுக்கு முகம் கறுத்தது. குனிந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார். திரை இருண்டது.

உடனே பதினோரு பேர் எழுந்தார்கள்.

"கடைசியா எம் பேருதான்லா வந்துச்சு!"

"உன் பேரு எப்பவோ போயிருச்சு, நாகமுத்துன்னு என் பேரு வந்ததை என் பொஞ்சாதியே பாத்தா!"

ஒவ்வொருவருக்கும் மனைவி சாட்சி. ஒரு நாற்காலி கவிழ்ந்தது.

சாமிநாதன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "எல்லாரும் மன்னிக்கணும். நல்லா ஓடுன நிரலு. இந்தப் பிள்ளை கடைசி நேரத்துல கைய வச்சு…"

தேவிஸ்ரீ மேடை நடுவுக்கு வந்தாள். அவமானமும் கோபமும் ஒன்றாக வந்தன. "இல்லைங்க. தப்பு முதல்ல இருந்தே இருந்துச்சு."

அவர் கையை உயர்த்தினார். "அப்புறம்மா."

"அது நிறுத்தச் சொன்னா தூக்கிப் போட்டுரும். எழுதினது தினேஷ். ஒரு வாரமா சொல்றேன், சார் கேக்கல." அவள் நிற்கவில்லை. "கம்பிய இழுத்தது சார். கடைசிப் பேரு எதுன்னு இனி யாருக்கும் தெரியாது. எல்லாப் பேரையும் சீட்டுல எழுதிப் போட்டு எடுங்க."

"நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சரிங்க சார். டிவியை மேசைக்கு அடியில தள்ளி வைங்க, இப்பவே நாலு பேரு பிடிச்சு இழுக்குறாங்க. அவ்வளவுதான்."

மேடையிலிருந்து இறங்கினாள். வேலை போனது போனதுதான். ஆனால் மூன்று மாதத்தில் அவள் தொடங்கிய பேச்சை முடித்தது அன்றைக்குத்தான்.