இரடி ராசாத்தி

எமில்டா இப்போதும் வெக்ஸ்போர்ட்டில்தான் இருக்கிறாள், எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடம். தமிழ்க்கடையில் எதிரே வந்தாளென்றால், பொறுக்கிய கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். "ஒரு ஒட்டகத்துக்காகவே இவ்வளவு கோவம்?" என்று என் மனுசன் கேட்பார். ஓம், ஒட்டகத்துக்காகத்தான். அவருக்கு அது விளங்காது.

தொண்ணூற்றாறில் நாங்கள் இரண்டு பேரும் விட்பிக்கு அப்பால் ஒரு மிருகப் பண்ணையில் வேலை செய்தோம். எமில்டாவின் காரில் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவோம். அங்கே இருந்த இரட்டைத் திமில் ஒட்டகத்துக்கு முதலாளி வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் ராசாத்தி என்று கூப்பிட்டேன். அவள் அதற்குத்தான் காதைத் திருப்புவாள்.

குளிரெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் மூன்று உடுப்புப் போட்டும் நடுங்குவோம். அவள் இரண்டு வரிசை இமைமயிரிலும் பனி ஒட்டியிருக்க, மூக்குத் துவாரத்தை இறுக்கி மூடிக்கொண்டு, நின்று அசைபோடுவாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் திமிலுக்குள் தண்ணீர் என்பார்கள். என்ன தண்ணீர்? முழுக்கக் கொழுப்பு, உள்ளே எலும்புகூடக் கிடையாது. அந்த மாரியில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, முன் திமில் வெறும் பை மாதிரி ஒரு பக்கம் சரிந்து தொங்கியது.

அவளுக்கு ஒத்துவராதது ஈரம்தான். ஒட்டகம் படுத்தால் உடம்புப் பாரத்தை நெஞ்சுக்குக் கீழே இருக்கிற தடித்த தோல்மெத்தை தாங்கும். பங்குனியில் பனி உருகிக் கொட்டில் சேறானபோது, அந்தத் தோல் ஊறி வெடித்துப் புண்ணாகிவிட்டது. மிருக வைத்தியர் குனிந்து பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: தினமும் மருந்து பூசவேண்டும், போர்வை விரித்துத்தான் படுக்கவிடவேண்டும், புண் ஆறும்வரை எங்கேயும் வண்டியில் ஏற்றவே கூடாது.

அவளைப் படுக்க வைப்பது லேசான வேலை இல்லை. ஒருமுறை முதலாளி கயிற்றைப் பிடித்து இழுத்தபோது, முகம் நிறையப் பச்சையாகத் துப்பிவிட்டாள். எனக்கு மட்டும் படுப்பாள். நாக்கால் இரண்டு தரம் தட்டி, "இரடி ராசாத்தி" என்பேன். முன்னங்கால்களை மடித்து, பிறகு பின்னங்கால்களை மடித்து, கிழவி மாதிரி முனகியபடி நிலத்தில் இருப்பாள்.

"உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் ஆர் இவளைப் பாக்கிறது?" என்று ஒருநாள் எமில்டா கேட்டாள். நான் விசரி, நானே சொல்லிக்கொடுத்தேன். நாக்குத் தட்டுவதிலிருந்து குரலை இறக்குவதுவரை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாளில் எமில்டா சொல்லுக்கும் அவள் படுத்தாள். எனக்கு அன்று எவ்வளவு சந்தோசம்!

புண் ஆற முன்னமே முதலாளி அவளை விற்றுவிட்டார். எல்லை தாண்டி அமெரிக்காவில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடும் ஒருவன் வாங்கினான். வியாழக்கிழமை வண்டி வருமாம். பதிந்த கூரை வண்டி, நின்றபடி ஏற்ற முடியாது, பலகையில் படுக்கவைத்து, முன்னங்கால்களைக் கட்டி, உள்ளே இழுக்கவேண்டும். வைத்தியர் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எடுத்துச் சொன்னேன். முதலாளி தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அன்று காரில் நான் அழுதுவிட்டேன். எமில்டாதான் வழி சொன்னாள்.

"விசரி மாதிரி அழாதை யோகம். நாங்கள் ரெண்டு பேரும் சிக் கோல் பண்ணினால் ஆர் அவளை இருத்துறது? வாறவன் துப்பல் வாங்கிக்கொண்டு போகட்டும். அவன் திரும்பி வாறதுக்குள்ள புண் ஆறிடும்."

"நீ போகமாட்டாய்தானே?"

"மாதா அறிய அந்தப் பக்கமே தலை வைக்கமாட்டன்."

வியாழக்கிழமை நான் காய்ச்சல் வருத்தமென்று பண்ணைக்குப் போன் பண்ணிவிட்டு, தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். பிறகு இருப்புக் கொள்ளவில்லை. துப்பல் வாங்கினவன் போய்விடுவான், புண்ணுக்கு யார் மருந்து பூசுவது? எமில்டாவுக்கு அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ், ரயில், கடைசியில் ரக்சி என்று மாறி மாறிப் போய் இறங்கினேன்.

வாசலில் எமில்டாவின் சிவப்புக் கார் நின்றது. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், இவளுக்கும் மனம் கேட்கவில்லை, மருந்து பூச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

கொட்டிலுக்குப் பின்னால் அந்த வண்டி நின்றது. முதலாளியும் வாங்கினவனும் எட்ட நின்றார்கள். ராசாத்தி பலகையில் கால் மடித்துப் படுத்திருந்தாள். கீழே போர்வை இல்லை, வெறும் பலகை. முன்னங்கால்களில் கயிறு சுற்றியாகிவிட்டது. அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு எமில்டா, என் குரலை அப்படியே எடுத்து, "இரடி ராசாத்தி, இரடி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எடியே எமில்டா!"

திரும்பிப் பார்த்தவளுக்கு முகம் வெளிறிவிட்டது. "யோகம், நீ ஏன் வந்தனீ?"

நான் அவளோடு கதைக்கவில்லை. "எழும்படி ராசாத்தி! எழும்பு!" என்று கத்தினேன்.

ஒட்டகம் எழும்புவது பின்னங்காலில்தான். என் குரலைக் கேட்டதும் பின்பக்கத்தை உதைத்துத் தூக்கினாள். முன்னங்கால்கள் கட்டுக்குள் இருந்தன. பாரம் முழுவதும் நெஞ்சில் இறங்க, புண் பலகையில் உரசிக் கிழிந்தது. இரத்தம் வந்தது. அவள் அலறினாள். நான் சொன்னபடியால் விடாமல் மறுபடியும் உதைத்தாள்.

"அவிழுங்கோ! கயிற்றை அவிழுங்கோ!" என்று கெஞ்சினேன். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எமில்டா "இரடி, இரடி" என்று பதறினாள், ராசாத்தி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் முறை உதைத்தால் நெஞ்சு முழுக்கப் பிய்ந்துவிடும்.

ஓடிப்போய் என் குளிர்க்கோட்டைக் கழற்றி நெஞ்சுக்குக் கீழே தள்ளினேன். நாக்கால் இரண்டு தரம் தட்டினேன்.

"இரடி ராசாத்தி."

உடனே இருந்தாள். பலகையை இழுத்துக் கதவைப் பூட்டும்வரை அசைபோட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். ஒரு துளி பயமில்லை அவளுக்கு.

வண்டி போனபிறகு எமில்டா கிட்ட வந்தாள். "என்ர பொடியனைக் கொழும்பிலயிருந்து இஞ்சை எடுக்க முதலாளியின்ர வேலைக் கடிதம் வேணும் யோகம். இவளை இருத்தித் தந்தால்தான் தருவனெண்டான். நான் என்ன செய்ய?"

"அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. ஒரே கார்லதானே வந்தம்?"

"சொன்னால் நீ விட்டிருப்பியோ?"

அவள் கார்க் கதவைத் திறந்து பிடித்தாள். "கோட்டும் இல்லை, குளிருது. ஏறு, வீட்டை விடுறன்."

"நீ இருத்தினதைக்கூடப் பொறுப்பன் எமில்டா. ஆனால் கடைசியா அவள் உன்னை நம்பிப் படுக்கேல்லை. என்னை நம்பியெல்லே படுத்தவள்!"

கதவை அடித்துச் சாத்திவிட்டு, ஸ்டேசன் பக்கமாக நடந்தேன்.