கோர்தானாவின் முன்சக்கரம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நான் வால்யெவோ என்ற ஊரில் கார் உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவள். கூட்டமில்லாத நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து கதை எழுதுபவள். என் கணவன் மியோதிராக் போன வசந்தத்தில் பிரேக் காலிப்பருக்கு ரப்பர் பூட் ஒரு செட் வாங்கினான். குளிர் தொடங்கும்போது இன்னொன்று. இந்த ஏப்ரலில் மறுபடியும் என் முன்னால் வந்து நின்றான். எல்லாம் ஒரே காருக்கு, அவனுடைய முதல் மனைவி கோர்தானாவின் காருக்கு.

(தெரியாதவர்களுக்கு: பிரேக்கை அமுக்கினால் சக்கரத்தின் பின்னால் இருக்கும் காலிப்பர் என்ற பிடிக்குள்ளிருந்து ஒரு பிஸ்டன் முன்னே வரும். அதில் தண்ணீரும் மண்ணும் சேராமல் மூடியிருக்கும் மடிப்பு ரப்பர்தான் பூட். அது கிழிந்தால் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். நல்ல ரப்பர் பல வருஷம் தாங்கும். நான் விற்பது நல்ல ரப்பர்.)

2.

முதல் தொடக்கம்: "கோர்தானா உடம்பு பெருத்து, தலை நரைத்து..." அடித்துவிட்டேன். பெருக்கவுமில்லை, நரைக்கவுமில்லை, பாவி.

இரண்டாவது: "கணவனை முழுசாக நம்பிய மனைவி ஒருத்தி இருந்தாள்." படித்துப் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

மூன்றாவது: "அந்தக் கார்..." சரி, காரிலிருந்தே தொடங்குகிறேன்.

3.

விவாகரத்தில் காரை அவளுக்குக் கொடுத்தவன், அதன் சக்கரம் மாற்றும் உரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டான். நவம்பரில் குளிர்கால டயர் மாட்டப் போவான், ஏப்ரலில் அதைக் கழற்றப் போவான். போன தடவைகளில் எல்லாம் "பூட் கிழிஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் திரும்பினான். புது பூட் மாட்ட இன்னொரு சனிக்கிழமை. அவள் இறைச்சி அடைத்த புரெக் சுட்டு வைத்திருப்பாள், ரக்கியா சாராயம் ஊற்றுவாள். இவன் சாயங்காலம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவான். என் காரின் வைப்பர் ஒரு வருஷமாகக் கீச்சிடுகிறது. அதற்கு ஐயாவுக்கு நேரமில்லை.

"இந்தத் தடவை நான் போறேன்," என்றேன்.

"நீயா? எதுக்கு?"

"உனக்கு இந்தச் சனிக்கிழமை ஷிப்ட் இருக்குல்ல. எனக்கென்ன பூட் மாட்டத் தெரியாதா?"

"அடுத்த வாரம் பாத்துக்கலாமே, யாஸ்னா."

"பிரேக் விஷயம்ப்பா. அதுவரைக்கும் அவ உசுரோட இருக்க வேணாமா?"

அவன் முகம் சுண்டிப்போனது. [இது நடந்ததா, நான் சேர்த்ததா என்று இப்போது தெரியவில்லை. இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.]

4.

கோர்தானா லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அடடே, டாக்டர் வரலையா? கம்பவுண்டரம்மாவை அனுப்பிட்டாரா?"

"டாக்டருக்கு டூட்டி. ஜாக்கி எங்க இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? டிக்கியில பாரு. புரெக் சூடா இருக்கு, சாப்பிட்டுட்டு ஆரம்பியேன்."

"வேண்டாம்."

(பசியில் உயிர் போயிற்று. வாசனை வேறு.)

முன்சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைத் தூக்கிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பழைய ரப்பர் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். கடையில் அந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது வெடிக்கவில்லை. ரப்பர் புதுசு, மெத்தென்று இருந்தது. அதன் குறுக்கே ஒரே கீறல். பிளேடு போட்டது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? மாட்டிக்கொண்டாள்! மனசுக்குள் முடிவையே எழுதிவிட்டேன்: கோர்தானா அழுகிறாள், நான் பெருந்தன்மையாக மன்னிக்கிறேன், புரெக் சாப்பிடுகிறேன்.

5.

கீறின ரப்பரை உரித்தெடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது தானா கிழியல, கோர்தானா. யாரோ வெட்டியிருக்காங்க. அவனை வரவழைக்க உனக்கு வேற வழியே தெரியலையா?"

"நானா? உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? ஜாக்கி எங்க இருக்குன்னே தெரியாதவகிட்ட வந்து கேக்குறியே! சக்கரத்தைக் கழட்டாம அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்? இந்தச் சக்கரத்துல கை வைக்கிறது அவன் ஒருத்தன்தான். போன சனிக்கிழமைகூட அவன்தான்..."

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

[இந்த இடத்தில் நான் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். வேறு யாரையாவது கொண்டுவந்து அந்த ஆள் தலையில் பழியைப் போடலாமா என்று பார்த்தேன். டயர் கடைக்காரன், பக்கத்து வீட்டுக்காரன். ஒருத்தனும் கதைக்குள் வர மாட்டேன் என்கிறான்.]

யார் வெட்டினது, எதற்கு வெட்டினது என்று இரண்டு பேருக்கும் சேர்ந்தே விளங்கியது. நான் ரப்பரைக் கீழே இறக்கினேன். அவளுக்கோ காது வரை சிவந்தது. கை தானாகப் போய் முடியை ஒதுக்கியது. அந்தச் சிவப்பை அடித்துவிட்டு 'வெளிறியது' என்று எழுதிப் பார்த்தேன். பொய். சின்னப் பெண் மாதிரி நின்றாள். அவளுக்கு இது தெரியவே தெரியாது. நான்தான் என் கடை மூளையை வைத்துக் கண்டுபிடித்து, வீடு தேடிப் போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

6.

புது பூட்டை மாட்டினேன். ஒழுங்காகத்தான் மாட்டினேன், பிரேக்கில் விளையாட மாட்டேன். சக்கரத்தை முடுக்கிவிட்டு, கீறின ரப்பரை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவள் பக்கத்தில் வந்தாள். கேலியெல்லாம் போய்விட்டிருந்தது.

"யாஸ்னா, அந்தப் பழைய ரப்பர் உனக்கு வேணுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். என்கிட்ட இருக்கட்டும்னு..."

கையை நீட்டினாள். ரப்பர் என் கையில் இருக்கிறது.

மூன்று முடிவு எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. வீட்டுக்குப் போய் அவனிடம் என்ன கேட்பேன், அவன் என்ன சொல்வான், எல்லாவற்றையும் உங்கள் இஷ்டம்போல எழுதிக்கொள்ளுங்கள். அவன் அங்கேயே போய்விட்டான் என்று எழுதினாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். இந்த ரப்பரை மட்டும் அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.