நாலு ஜிபியில் சிவநேசன்

“நாடகத்த மூடுங்க அத்தை, அவரு இடது கை போயிடுச்சு” என்று பிரேமலா கத்த, “நீ கரண்டு பில்லு கட்டத் தொறந்தப்ப காலு போச்சே, அத யாருகிட்டப் போயி சொல்றது?” என்று மாமியார் நல்லம்மாள் அதற்கு மேல் கத்த, புக்கிட் ரோத்தான் தாமான் குடியிருப்பில் அந்த வரிசை வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பிரேமலாவின் கணவன் சிவநேசன் கம்ப்யூட்டருக்குள் குடிபோய் மூன்று வருடம் ஆகியிருந்தது. செம்பனை எண்ணெய் ஆலையில் ஆபீஸ் வேலை பார்த்தவன், ஒரு சாயங்காலம் திரைக்குக் கொஞ்சம் கிட்டே குனிந்தான், நாற்காலி காலியாயிற்று. ஊர் சில நாள் அதையே பேசியது. பாஸ்போர்ட் முடிந்தும் ஆஸ்திரேலியாவில் திராட்சை பறிக்கிறவர்கள் இல்லையா, இவனாவது வீட்டு ஹாலில்தானே இருக்கிறான் என்று எதிர்வீட்டுக் கங்கா தீர்ப்புச் சொன்ன பிறகு பேச்சு ஓய்ந்தது. கங்காவுக்குத் தெரியாமல் அந்தத் தாமானில் குக்கர்கூட விசிலடித்ததில்லை.

சங்கடம் என்னவென்றால், அந்த மெஷினில் இருந்தது நாலு ஜிபி ராம். பிரேமலா எதைத் திறந்தாலும் அது சிவநேசனிடமிருந்துதான் இடத்தைப் பிடுங்கியது. காலையில் தொடங்கிய வாக்கியத்தை அவன் விளக்கு வைக்கிற நேரத்தில் முடித்தான். முந்தின நாள் பெற்ற தாயைப் பார்த்து “நீங்க யாரு?” என்று கேட்டுவிட்டான். இப்படியே போனால் தீபாவளிக்குள் திரையில் வெறும் சட்டைதான் மிஞ்சும் என்று பிரேமலாவுக்குத் தெரிந்தது. கோலா சிலாங்கூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த காளியண்ணனை வரவழைத்தாள்.

அவன் மூடியைக் கழற்றிப் பார்த்தான். நல்லம்மாள் அவசரப்பட்டு கைப்பேசியில் வரவழைத்திருந்த கூடுதல் ராம் சிப்பை எடுத்துக் குழியில் வைத்துக் காட்டினான். வெட்டு ஒரு பக்கம், பல் ஒரு பக்கம். “இது புது மாடல், டிடிஆர் நாலு. உங்க மெஷினு மூணு. ஏறவே ஏறாது லா” என்று சொல்லித் தன் பையிலிருந்து சரியானதை எடுத்தான். ஹார்ட் டிஸ்க்கில் அத்தனை இடம் சும்மா கிடக்கிறதே, ஆளை அங்கே மாற்றினால் என்ன என்று பிரேமலா கேட்டாள். “அது ஸ்டோர் ரூம் அக்கா. ராம்தான் அடுப்பு மேடை. வேகுறது எல்லாம் மேடையிலதான்.” அதை அவளும் பார்த்திருந்தாள். முன்பொரு தடவை சிவநேசனின் சுண்டுவிரலை மட்டும் சேவ் செய்தபோது, அது ஒரு படமாகி அசையாமல் கிடந்தது.

“மெஷின அணைக்காம சொருகுனா போர்டு கருகிடும். அணைச்சா ராம்ல உள்ளதெல்லாம் போயிடும்” என்றான் காளியண்ணன்.

“எல்லாம்னா?”

“அண்ணந்தான்.”

வாசலில் நின்ற கங்காதான் வாயைத் திறந்தாள். “கொஞ்ச நேரம் எங்ககிட்டக் குடுத்து வையேன் பிரேமலா. ஊரு விஷயத்தயெல்லாம் தூக்கிட்டு அலையுறோம், ஒரு ஆளத் தூக்க மாட்டோமா?”

இவள் வைக்கிற குழம்புக்குப் பயந்துதான் அவன் உள்ளே ஓடினான் என்று பேசிய வாய்கள் அவை. ஆனால் பிரேமலாவுக்கு வேறு வழி இல்லை. ஒவ்வொருவராக வந்து ஸ்பீக்கரில் காதை வைத்து வாங்கிக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் சிந்திவிடும். பிள்ளைப் பருவம் நல்லம்மாளுக்கு. ஆலைக் கதைகளும் கோபமும் பக்கத்து வீட்டு சன்னாசிக்கு. இருமல், சிரிப்பு, பாதியில் நின்ற வாக்கியங்கள் எல்லாம் கங்காவுக்கு. கடைசியில் ஒன்று மிஞ்சியது: புக்கிட் பெலிம்பிங் கோயில் திருவிழாவில், மோர்ப் பந்தலில், சிவநேசன் பிரேமலாவை முதன்முதலாகப் பார்த்தது. அதைக் கங்காவிடம் கொடுத்தால் நாளைக்குப் பாசார் மாலாம் இரவுச் சந்தை முழுக்க நாறும் என்று நினைத்த பிரேமலா, எங்கேயோ இருந்து வந்தவன்தானே என்று காளியண்ணனிடம் கொடுத்தாள்.

சுவிட்சை அணைத்தார்கள். திரை கறுத்தது. காளியண்ணன் இரும்புப் பெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டு, சிப்பை இரண்டு முனையிலும் அழுத்தினான். மறுபடி போட்டபோது மெஷின் நீளமாகக் கத்தியது. மறுபடியும் கத்தியது. வாயைத் திறக்க முடியாத காளியண்ணன் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டினான். பிரேமலா எண்ணெய் எடுத்து வந்தாள், துணி எடுத்து வந்தாள், அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். சன்னாசியின் முகம் கோபத்தில் சிவந்து உப்பியது. கங்காவின் தொண்டையில் சிவநேசனின் இருமல் முட்டிக்கொண்டு நிற்க, அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் பிரேமலா பென்சில் அழிக்கிற ரப்பர் ஒன்றைத் தேடி நீட்டினாள். அவன் சிப்பின் தங்கப் பற்களை அதனால் துடைத்து, மறுபடி அழுத்தினான். இரண்டு பக்கக் கொக்கியும் ‘டக்’கென்று விழுந்தன. திரை வெளுத்தது.

மைக்கில் வாய் வைத்து எல்லாரும் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு இருமல்கூடக் குறையவில்லை. காலும் கையும் வந்தன. சிவநேசன் அம்மாவை அம்மா என்றான். காளியண்ணனும் தன்னிடம் இருந்ததை நாணயமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். “வரேங்க” என்றான். மோர்ப் பந்தலில் பார்த்தவளை அக்கா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பிரேமலா அதைக் கவனித்தாள். மூடியின் திருகாணிகளை எண்ணுகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டாள்.

இப்போது நல்லம்மாளின் நாடகமும் கரண்டு பில்லும் ஒன்றாகவே ஓடுகின்றன, சிவநேசனுக்கு ஒரு நகம் குறைவதில்லை. சன்னாசி மகள் வீட்டோடு இருக்க ஈப்போவுக்குப் போய்விட்டார். காளியண்ணன் தைக்கு முன்பே கடையைக் காலி செய்துகொண்டு ரவாங்குக்குப் போனான். அங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் துளசியைக் கட்டினான். நல்ல பெண் என்றுதான் போய் வந்தவர்கள் சொன்னார்கள். கல்யாணத்துக்குத் தாமானிலிருந்து ஒரு வேன் நிறையப் போனார்கள். பிரேமலாவுக்கும் பத்திரிகை வந்திருந்தது. அவள் ஏன் வரவில்லை என்று வேனில் எல்லாரும் கேட்டபோது, கங்கா, தான் பிறந்ததிலிருந்து முதல்முறையாக, எனக்குத் தெரியாது என்றாள்.