ஏசி மெக்கானிக்கின் கோடை விடுமுறை

நான் பள்ளி ஆசிரியை, கோடையில்தான் எனக்கு விடுமுறை. என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். கோடையில் அவருக்குத் தலை சொறியக்கூட நேரம் இருக்காது. கடற்கரையும் பழங்காலக் கோட்டைகளும் உள்ள ஒரு வெயில் நாட்டுக்கு எந்த மாதம் போவது என்று ஒன்பது வருடம் பேசியே கழித்தோம்.

இந்த வருடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "கோடைக்கே டிக்கெட் போட்டாச்சு. வந்தா வாங்க, வராட்டி போங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

விடுதி அறையில் ஏசி கடகடவென்று சத்தம் போட்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியைத் திறந்தார். என் துணிகளுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர் எல்லாம் இருந்தன.

"இதுக்கு இடம் பண்ணத்தான் என் செருப்பை வெளியே எடுத்துப் போட்டீங்களா?"

"கோச்சுக்காதம்மா. ஃபில்டர்தான் அடைச்சிருக்கு. நீ கோட்டைக்குக் கிளம்பு, பின்னாடியே வந்துடறேன்."

வரவில்லை. அவசரப்படுத்த ஆள் இல்லாமல் கோட்டையில் ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தேன். சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது. திரும்பி வந்தால், பக்கத்து அறைக்காரர்கள் எங்கள் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

மாலையில் கடலில் கால் நனைத்தபடி அவர் பெருமூச்சு விட்டார்.

"ஒன்பது வருஷத்தை வீணாக்கிட்டோமே! இந்த ஊருக்குக் கோடைலதான் வரணும். நாளைக்கு மூணாவது மாடி மட்டும்தான் பாக்கி."