இருபத்து மூன்றாம் பக்கம்

அந்தச் சின்னத் தீவு நாட்டில் எதிர்க்கட்சியின் தேர்தல் அறிக்கையை எழுத ஏழு பேர் கொண்ட குழு போட்டிருந்தார்கள். அதில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள் செலஸ்டீன் ஒருத்திதான். வடக்கே ஆன்ஸ் பெலெட் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மற்ற ஆறு பேரும் தலைநகரத்துக்காரர்கள். வக்கீல்கள், ஒரு பொருளாதார வாத்தியார், ஒரு ஹோட்டல் முதலாளி. வரி, துறைமுகம், சுற்றுலா என்று அவர்கள் பேசும்போது அவள் வாயைத் திறக்க மாட்டாள். சுகாதாரம் என்று வந்த அன்றைக்குப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். அதில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. ஆட்சிக்கு வந்த முதல் வருஷத்திலேயே ஆன்ஸ் பெலெட் ஆஸ்பத்திரியில் நான்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் வைக்கப்படும்.

கட்சியின் பொதுச்செயலாளர் லாம்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வைக்கப்படும்" என்பதற்குப் பதிலாக "வைப்பது குறித்து ஆராயப்படும்" என்று போட்டுக்கொள்ளலாமே என்றார். பொருளாதார வாத்தியாரும் தலையாட்டினார். செலஸ்டீன் விடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், விடிவதற்கு முன்னால் எழுந்து, ஒன்றேமுக்கால் மணி நேரம் மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டே தலைநகரத்துக்கு வரும் ஐந்து பேரின் பெயரை வரிசையாகச் சொன்னாள். ஐந்தாவது பெயர் அவளுடைய தம்பி எவரிஸ்ட். போன வருஷம் அதே பட்டியலில் எட்டுப் பேர் இருந்தார்கள் என்றும் சொன்னாள்.

கட்சித் தலைவியும் அன்றைக்கு வந்திருந்தாள். வடக்குத் தொகுதி இந்த முறை இழுபறியில் இருந்தது. நாடாளுமன்றத்தின் பதினேழு இடத்தில் எட்டு நிச்சயம், ஒன்பதாவது எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்த நேரம். "அவங்க எழுதின மாதிரியே போடுங்க" என்று முடித்துவிட்டாள். அந்த வரி அவர்களுடைய நீலக் கட்சியின் அறிக்கையில் இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஏறியது.

எவரிஸ்ட் தன் மனைவி போனபிறகு அக்காள் வீட்டோடு வந்துவிட்டவன். இருபத்தாறு வருஷம் வடக்குச் சாலையில் வேன் ஓட்டினான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வேனை விற்று, அதே சாலையில் பயணியாக உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தான். ஆளும் பச்சைக் கட்சிக்காரன். சும்மா ஓட்டுப் போடுகிறவன் இல்லை, கொடி கட்டுகிறவன். மண்பாதையாக இருந்த வடக்குச் சாலைக்குத் தார் போட்டது பச்சைக் கட்சி, அந்தத் தாரில் ஓடித்தான் நான் சோறு தின்றேன் என்பான். அக்காளும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்து கொக்கோ டீ குடிப்பார்கள். சுவரில் அவள் பக்கம் நீலத் தலைவியின் படம், அவன் பக்கம் பச்சைப் பிரதமரின் படம். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது.

அச்சாகி வந்த அறிக்கையைச் செலஸ்டீன் அவன் முன்னால் வைத்தாள். அவன் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எழுத்துப் பிழை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போட்டான். இருபத்து மூன்றாம் பக்கம் வந்ததும் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தான்.

"நீதான் எழுதினியா?"

"நான்தான்."

"நல்லாத்தான் எழுதியிருக்க. தண்ணி எங்கக்கா?"

அவளுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். அந்த இயந்திரத்தோடு மூன்று வருஷம் வாழ்ந்தவன் அவன். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு ஒரு பெரிய டிரம் தண்ணீருக்கு மேல் வேண்டும், அதுவும் வடிகட்டி வடிகட்டிச் சுத்தம் செய்த தண்ணீர். தலைநகரத்தில் அதற்கென்றே தனி அறை, தனித் தொட்டி, தனி ஆள். "நம்ம ஆஸ்பத்திரியில கோடைகாலத்துல வாரத்துக்கு ரெண்டு நாள்தான் குழாயில தண்ணி வருது. நீயே பக்கெட்டுல கொண்டுவந்து கையக் கழுவினவ. மிஷின வச்சு என்ன பண்றது, துணி காயப்போடறதா?"

செலஸ்டீனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அத்தனை வருஷம் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்கு இது தோன்றவில்லை. நோயாளியை வேனில் ஏற்றி அனுப்புவதோடு அவள் வேலை முடிந்துவிடும். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

மறுநாளே லாம்பர்ட்டுக்குப் போன் செய்தாள். தொட்டி, குழாய், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து ஒரு வரி போட வேண்டும் என்றாள். நாலாயிரம் பிரதி அச்சாகிவிட்டது என்றார் அவர். "சிஸ்டர், படிக்கறதுக்கு அந்த வரி அழகா இருக்கு. தண்ணியெல்லாம் ஜெயிச்ச பிறகு பார்த்துக்கலாம். இப்ப நீங்களே குழப்பிவிட்டுடாதீங்க." செலஸ்டீன் சரி என்றாள். அதற்குப் பிறகு ஐந்து வாரம் வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, இருபத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மேடையில் அவள் பேசுவதை எவரிஸ்ட் எதிர்க்கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். பச்சைக்காரர்களிடம் இதைப் போட்டு உடைத்திருந்தால் கூட்டமே கலைந்திருக்கும். அவன் வாயைத் திறக்கவில்லை.

தேர்தல் திங்கட்கிழமை என்று அறிவித்தார்கள். எவரிஸ்டின் டயாலிசிஸ் நாட்கள் திங்கள், புதன், வெள்ளி. திங்களன்று தலைநகரத்துக்குப் போனால், முறைக்குக் காத்திருந்து முடியவே சாயங்காலமாகிவிடும், ஓட்டுச்சாவடி மூடுவதற்குள் திரும்ப முடியாது. அவன் அக்காளிடம் கேட்காமலே டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்து செவ்வாய் காலை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டான்.

செலஸ்டீன் கத்தினாள். வெள்ளிக்கு அப்புறம் சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளியே அதிகம், அதில் மூன்றாவது நாளும் சேர்ந்தால் உடம்பில் நீர் ஏறி நெஞ்சு தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். அவன் சிரித்தான்.

"பச்சைக்கு ஒரு ஓட்டு குறையட்டும்னு பாக்கறியா? பலே ஆளுதான் நீ."

அவள் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். "நானும் போடலடா. நீ போடாதே, நானும் போடல. உன்கூடவே தலைநகரத்துக்கு வர்றேன். ரெண்டு ஓட்டும் கழிஞ்சு போகட்டும்" என்றாள்.

எவரிஸ்ட் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கேலி போய்விட்டது. "நீ எழுதின பக்கத்துக்கு நீயே ஓட்டுப் போடலன்னா நல்லாவா இருக்கும்? பேசாம இரு, அக்கா. ஒரு நாள்தானே."

திங்கட்கிழமை வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை சாலை வரைக்கும் நீண்டிருந்தது. ஒரு பக்கம் நீல மேசை, எதிர்ப்பக்கம் பச்சை மேசை. செலஸ்டீன் நீல மேசையில் வாக்காளர் பட்டியலில் பெயர் அடித்துக்கொண்டிருந்தாள். எவரிஸ்ட் பதினோரு மணிக்கு வந்து வரிசையில் நின்றான். கணுக்கால் இரண்டும் செருப்புக்கு மேலே பிதுங்கியிருந்தது அவள் மேசையிலிருந்தே தெரிந்தது. வயதானவர்களை முன்னால் விடச் சொல்லியும் அவன் போக மறுத்துவிட்டான். வேன்காரச் சிநேகிதர்கள் சூழ்ந்து நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைக் குனிந்து இரண்டு பெயர் அடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் கையில் சீவிய இளநீர் இருந்தது.

அவள் மேசையைவிட்டு ஓடினாள். சிறுநீரகம் போனவனுக்கு இளநீரிலுள்ள பொட்டாசியம் நெஞ்சை நிறுத்தும் விஷத்துக்குச் சமம் என்பது அந்தச் சிநேகிதர்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். பிடுங்கிப் பார்த்தாள், காயில் சொட்டுக்கூட இல்லை.

"தாகமா இருந்துச்சுக்கா" என்றான். சின்ன வயதில் திருட்டு மாங்காயோடு அகப்பட்டுக்கொண்டபோது இருந்த அதே முகம்.

ஒன்றரை மணிக்கு அவன் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தான். மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டினான். மூச்சு வாங்கியது. அப்போதே ஒரு வேனைப் பிடித்து மலை ஏறியிருக்க வேண்டும். அவசரம் என்று சொன்னால் டயாலிசிஸ் பிரிவில் சாயங்காலம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். செலஸ்டீனுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் ஐந்து மணிக்கு எண்ணிக்கை. அந்தச் சாவடிக்கு நீலக் கட்சியின் எண்ணிக்கை முகவர் அவள்தான். மாற்று ஆளாக வர வேண்டிய பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். பத்து இருபது ஓட்டில் போகிற தொகுதி என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நாடித்துடிப்பைப் பிடித்துப் பார்த்தாள். பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவனை வீட்டுக்கு அனுப்பி, தலையணையை உயரமாக வைத்துச் சாய்ந்து உட்காரச் சொல்லி, விடியற்காலை நாலு மணிக்கு வேன் என்றாள். அவனும் சரி என்றான்.

அவர்கள் சாவடியில் நீலம் பதினான்கு ஓட்டு முந்தியது. தொகுதி முழுக்கக் கூட்டியபோது பத்தொன்பது ஓட்டில் தோற்றது.

எவரிஸ்டோடு முன்பு வேன் ஓட்டிய திமோதேதான் காலையில் வந்தான். மற்ற நாலு நோயாளிகளுக்கும் தேர்தலை முன்னிட்டு நாள் மாற்றியிருந்ததால் அவர்களும் அதே வேனில் இருந்தார்கள். எவரிஸ்டை முன் இருக்கையில் சாய்த்து உட்காரவைத்து, செலஸ்டீன் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். வானொலியில் முடிவுகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பச்சை ஒன்பது, நீலம் எட்டு. திமோதே மரியாதைக்காக அதை அணைக்கப் போனான். இருக்கட்டும் என்று எவரிஸ்ட் கையைக் காட்டினான்.

மேட்டில் ஏறும்போது அவன் அக்காளின் கையைத் தேடிப் பிடித்தான். பேச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு எடுத்தான்.

"நான் பச்சைக்குத்தான் போட்டேன்."

"தெரியும்டா."

"பெட்டிகிட்ட ரொம்ப நேரம் நின்னேன். உன் பக்கத்த நினைச்சுக்கிட்டே நின்னேன். கை வரலக்கா." பிறகு, "கோச்சுக்காதே" என்றான்.

"கோவம் ஒண்ணும் இல்ல. பேசாம வா."

உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கும் வளைவில் பொழுது விடிந்தது. தலைநகரமும் துறைமுகமும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. அவன் தலை அவள் தோளில் கனத்தது. செலஸ்டீன் வேனை நிறுத்தச் சொல்லி, சாலையோரத்தில் அவனைப் படுக்கவைத்து, நெஞ்சை அழுத்தினாள். கை ஓய்கிறவரைக்கும் அழுத்தினாள். பிறகு திமோதே அவள் தோளைப் பிடித்து எழுப்பினான். மற்ற நாலு பேரும் வேனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏழு மணிக்குள் போயாக வேண்டும். செலஸ்டீன் அதை நினைவு வைத்துக்கொண்டு, தம்பியைப் பின் இருக்கையில் கிடத்தி, "போங்க, நேரமாச்சு" என்றாள்.

அடக்கத்துக்குப் பச்சைக்காரர்கள் கொடியோடு வந்தார்கள். சவப்பெட்டியின்மேல் போர்த்தலாமா என்று வாசலில் தயங்கி நின்று கேட்டார்கள். அவளே வாங்கி, சுருக்கம் நீவி, போர்த்திவிட்டாள். நீலச் சட்டையோடு வந்திருந்த சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் எழுந்து வெளியே போனார்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் லாம்பர்ட் வீடு தேடி வந்தார். துக்கம் விசாரித்தார், கொக்கோ டீ குடித்தார். பத்தொன்பது ஓட்டு என்பது கோர்ட்டுக்குப் போகக்கூடிய வித்தியாசம், மறுதேர்தல் வந்தாலும் வரும் என்றார். பிறகு மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கை. வடக்கில் இயந்திரம் இருந்திருந்தால் என் தம்பி உயிரோடு இருந்திருப்பான், இந்த அரசாங்கம்தான் அவனைக் கொன்றது என்று அவள் பெயரில் எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

செலஸ்டீன் முழுக்கப் படித்தாள். அதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. பக்கத்தில் இயந்திரம் இருந்திருந்தால் அவன் ஓட்டும் போட்டிருப்பான், அன்றைக்கே டயாலிசிஸும் செய்துகொண்டிருப்பான். அவளுக்கு அது தெரியாமல் இல்லை.

"அன்னைக்கு ஒன்றரை மணிக்கே அவன நான் கூட்டிட்டுப் போயிருக்கணும். நர்ஸு நான். பாத்தா தெரியாதா எனக்கு? பதினாலு ஓட்டு எண்ணறதுக்காக உக்காந்திருந்தேன். அதையும் இதுல எழுதுங்க. தண்ணி இல்லாம மிஷின் வர்றதா வாசல் வாசலா சொன்னேனே, அதையும் எழுதுங்க. எழுதினா கையெழுத்துப் போடறேன்."

லாம்பர்ட் கெட்ட மனிதர் இல்லை. "அப்படி எழுதினா யாரு சிஸ்டர் நமக்கு ஓட்டுப் போடுவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுப் போனார்.

வழக்கு நாலு மாதம் நடந்து தள்ளுபடியாயிற்று. செலஸ்டீன் குழுவிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தாள். கட்சியிலிருந்து விலகவில்லை; சந்தா கட்டினாள், கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள், பேசக் கூப்பிட்டால் மறுத்தாள்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நாலு மணிக்கு எழுந்து திமோதேயின் வேனில் ஏறத் தொடங்கினாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வாந்திக்குப் பிளாஸ்டிக் பை, துண்டு எல்லாம் அவள் பையில் இருக்கும். ஏறினதும் ஒவ்வொருவர் கணுக்காலையும் விரலால் அழுத்திப் பார்ப்பாள். குழி மறைய நேரமானால், உடம்பில் நீர் ஏறவிட்டார்கள் என்று அவர்களுடைய வீட்டாருக்கு அங்கிருந்தே போன் போட்டுத் திட்டுவாள். இரண்டு பேர் பச்சை, ஒருத்தி நீலம், ஒருவர் யாருக்கும் ஓட்டுப் போடாதவர். வேனுக்குள் அரசியல் பேசக்கூடாது என்று திமோதே எழுதி ஒட்டியிருந்தான், ஆனாலும் பேசினார்கள். தம்பி சாய்ந்து வந்த முன் இருக்கையில் அவள் உட்காருவதில்லை. ஒருநாள் இடம் இல்லாமல், திமோதே அதில் உட்காரச் சொன்னபோது, பையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் டயர் மேட்டின்மேல் உட்கார்ந்தபடியே தலைநகரம் வரைக்கும் போனாள்.