நகராத நீலப் புள்ளி

...இல்லை, இது தன்னுடைய பிழையாகத்தான் இருக்கவேண்டும், இருக்கட்டும் ஆண்டவரே என்று காடியை ஓட்டியபடியே முணுமுணுத்தான் ஜெரமி, தான் எழுதிய நிரலில் தப்பு இருக்கவேண்டும் என்று யாராவது ஜெபிப்பார்களா, அவன் ஜெபித்தான். தங்கச்சி ட்ரேசி இருக்கும் இடத்தை அவன் போன் திரையில் காட்டும் நீலப் புள்ளி பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பழைய தோட்டத்து வளைவில், நாற்பது நிமிடமாக அசையாமல் நிற்கிறது. மோட்டாரில் பார்சல் கொண்டுபோகிறவளுக்கு அங்கே என்ன வேலை, ஒரு கடைகூடக் கிடையாது, மழை வேறு... லோரிகள் வேகம் குறைக்காமல் திரும்பும் இடம். பன்னிரண்டு தடவை போன் அடித்துவிட்டான், எடுக்கவில்லை.

"பழைய போனுண்ணே, வழியே காட்ட மாட்டேங்குது" என்று போன மாதம் அவள் வந்து நின்றபோது, "கொடு, நான் எழுதுன டிரைவர் புரோகிராமப் போட்டுத் தாரேன்" என்று வாங்கியவன் இவன்தானே. அந்தப் போனில் இருக்கும் ஜிபிஎஸ் சிப் எப்படிப் பேசும் என்பதை, அதைச் செய்த கம்பெனி யாருக்கும் சொல்லவில்லை. எட்டு மாதம், வேலை முடிந்து வந்து, அது துப்பும் எண்களைப் பார்த்துப் பார்த்து ஊகித்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்துவைத்தான். யார் யாரோ நன்றி சொன்னார்கள். ஒருத்தர் மட்டும், செயற்கைக்கோள் சிக்னல் போனபிறகும் உங்கள் டிரைவர் கடைசியாகப் பார்த்த இடத்தையே இப்போதைய நேரம் போட்டுச் சொல்கிறதே என்று கேட்டிருந்தார். பார்க்கிறேன் என்று எழுதினான், பார்த்தானா? திரை வெறுமையாக இருந்தால் வேலை செய்யவில்லை என்பார்களே என்று அவனே வேண்டுமென்று வைத்த வரி... அப்படியென்றால் அவள் வளைவைத் தாண்டிப் போயிருப்பாள், தாண்டி எங்கே, பிழை என்று ஆகிவிட்டால் மட்டும் அவளுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா?

வளைவில் காடியை ஓரங்கட்டி இறங்கினான். மோட்டார் இல்லை, ஆள் இல்லை. சாலையோர லோங்கான் வாய்க்காலில் செம்மண் தண்ணீர் முட்டிக்கொண்டு ஓடியது, குனிந்து பார்த்தான், புல்லை விலக்கிப் பார்த்தான், சிவப்பாகத் தெரிந்தது வெறும் பிளாஸ்டிக் பை... போன் அடித்தது.

"ஏண்ணே இத்தன தடவ அடிச்சிருக்கீங்க? மழைன்னு போனைப் பெட்டிக்குள்ள, பார்சலுக்கு அடியில போட்டுட்டேன்லா. பத்து காஜாவுல கடைக்குள்ள ஒக்காந்து தே குடிக்கிறேன்."

ஒன்றுமில்லை, குடி என்றான். அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள். திரையைப் பார்த்தான், புள்ளி இன்னும் இவன் காலடியில்தான் நின்றது. இனி வீட்டுக்குப் போகலாம், போய் அந்த வரியை எடுக்கலாம், அவள் குரலைக் கேட்டாயிற்று, அவள்தான், சந்தேகமே இல்லை... ஆனாலும் கால் காடிப் பக்கம் நகரமாட்டேன் என்கிறதே, ஏன், கூடப் பிறந்தவளின் குரலைவிட இந்தப் புள்ளியைத்தான் நம்புகிறேனா என்று நினைத்தபடியே, இன்னொரு தடவை, லோங்கான் ஓரமாகக் குனிந்தான்.