கொடுங்கோலர்கள், பக்கம் எண்பத்தெட்டு

மனித குலத்தின் விடுதலை வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: நான் வேலைக்குச் சேர்வதற்கு முன், சேர்ந்த பின். இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள், அந்த வரலாற்றை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தவன் நான் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் அலுவலகம் அது. மாடியில் ஒரே அறை, மூன்று கணினி, மாதத்தில் பாதி நாள் மூச்சு வாங்கும் ஒரு பிரிண்டர். கல்லூரியில் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நான் ஒரு கணினியில். அடுத்ததில் அக்கா, ஏழு மாதக் கர்ப்பிணி. மூன்றாவதில் அண்ணன், பதினாறு வருட சர்வீஸ். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி. அவருக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தது நான்தான்.

காரணம் இருக்கிறது. கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில் இருந்தது. அதன் சாவி அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. போக வேண்டியவர் அவர் முன்னால் நின்று கேட்க வேண்டும். அவர் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு கேட்டவரைப் பார்ப்பார், பிறகுதான் இழுப்பறையைப் பார்ப்பார்.

"மூணாவது தடவை. வீட்டுல தண்ணி குடிக்காம வரலாமே" என்றார் ஒரு நாள் அக்காவிடம்.

அக்கா அன்றிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். அடுத்த வாரமே மருத்துவர் திட்டியிருக்கிறார்.

என்னை அவர் கேட்டது வேறு. பாடநூல் குழுத் தலைவி வந்து உட்கார்ந்திருந்த நேரம். சாவி கேட்டுப் போய் நின்றேன். "சின்னதா, பெருசா?" என்றார், டீயில் சர்க்கரை போடலாமா என்று கேட்கிற குரலில். அந்த அம்மா நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பதில் சொல்லித் தொலைத்தேன். அந்தப் பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்போது எங்கள் கையில் இருந்த புத்தகம் பத்தாம் வகுப்பு வரலாறு. விடுதலையின் கதை. கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்கள், நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள், துண்டறிக்கை அச்சடித்ததற்காகச் சிறை போனவர்கள், ஓட்டுரிமை கேட்டு அடி வாங்கிய பெண்கள், எட்டு மணி நேர வேலை கேட்டுத் தெருவில் நின்றவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். இரண்டாயிரம் வருடம் ரத்தம் சிந்திய பிறகு எட்டாம் பாடத்தின் கடைசி வரியில், "இன்று அனைவரும் சுதந்திரமானவர்கள்" என்று தட்டச்சு செய்துவிட்டு, எழுந்து போய்ச் சாவி கேட்டேன்.

பழிவாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படி என்று பதினோரு நாள் யோசித்தேன். நாற்காலியில் பசை தடவலாம், அது சிறுபிள்ளைத்தனம். சாவியைத் தூக்கிப் போடலாம், நமக்கும் அவசரம் வரும். எனக்கு வேண்டியது வரலாறு அவரைத் தண்டிப்பது. வரலாறோ என் கணினியில்தான் இருந்தது.

"அண்ணே, நாம ஏதாச்சும் செய்யணும்" என்றேன்.

"செய்யலாமே. அந்த மூணாம் பாடத்துல படத்தைக் கொஞ்சம் மேல ஏத்து."

அண்ணனிடம் கேட்டது என் தவறு. பதினாறு வருடத்தில் நான்கு மன்னிப்புக் கடிதம் எழுதியவர் அவர். தப்பு நடந்தால் முதலாளிக்குக் கைப்பட எழுதித் தர வேண்டும் என்பது அலுவலக வழக்கம். வந்த முதல் வாரமே அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: "உங்களை மாதிரி ஆளுங்களுக்குச் சங்கிலியைக் கழட்டுனா கூட, துரு பிடிச்சிடும், நானே பத்திரமா வச்சுக்கறேன்னு வாங்கிட்டுப் போவீங்க. என் கையை வெட்டினாலும் அது ஒரு கடுதாசி எழுதாது." அவர் சிரித்தார். "கை பத்திரம் தம்பி" என்றார்.

என் வழி சொல்லடைவு. புத்தகத்தின் கடைசியில் அகர வரிசையில் சொல்லும் பக்க எண்ணும் போடுவார்களே, அது. யாரும் படிக்காத இடம். அதில் நான் சேர்த்த வரி:

கொடுங்கோலர்கள்: பண்டைக் காலம், 12, இடைக்காலம், 31, கழிப்பறைச் சாவியை இழுப்பறையில் வைத்துக்கொண்டு சின்னதா பெருசா என்று கேட்பவர்கள், 88.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் பாடம் எதுவும் கிடையாது. வெளியீட்டு விவரமும், பக்க அமைப்பு என்று போட்டு எங்கள் முதலாளியின் முழுப்பெயரும் மட்டும்தான்.

ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்தவர் ஓரத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். சொல்லடைவு எப்போதும் அக்காவின் வேலை. "நீங்க கால் நீட்டி உக்காருங்கக்கா, நான் படிச்சிட்டேன், சுத்தமா இருக்கு" என்றேன். "மகராசனா இருடா" என்று சொல்லிப் படிக்காமலே போட்டார். பக்கம் குழுவுக்குப் போயிற்று. தாழ்ப்பாள் லட்சம் பிள்ளைகளின் பைக்குள் போகப் போகிறார் என்ற நினைப்பில் அன்று மூன்று முறை சாவி கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் கடிகாரத்தைப் பார்க்கிற அழகை ரசித்தேன்.

குழுத் தலைவிக்குப் புத்தகத்தைப் பின்னாலிருந்து படிக்கிற பழக்கம் இருந்தது. இது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை அவரிடமிருந்து போன். முதலாளி எங்கள் மூவரையும் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்தார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஓரத்துல இருக்கறது யார் கையெழுத்து?"

அக்கா குனிந்து படித்தார். கொடுங்கோலர்கள் வரைக்கும் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னுது சார்."

"எழுதினது?"

அக்கா பேசவில்லை. நானும் பேசவில்லை. விடுதலை வரலாற்றில் சில மௌனங்கள் புகழ் பெற்றவை. இது அந்த வகையில்லை.

"அடுத்த மாசத்துலேருந்து பிரசவ லீவு கேட்டிருக்கே இல்ல? நாளைக்கே எடுத்துக்கோ. திரும்பி வர வேண்டாம்."

அக்கா மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். பின்னாலேயே போனேன்.

"அக்கா, உங்களுக்காகத்தான்..."

"எனக்காகவா? நான் கேட்டேனாடா உன்னை?"

"அந்தாள் பண்றதை..."

"அந்தாள் பண்றது எனக்குத் தெரியாதா? சாவியை ஆணியில மாட்டச் சொல்லுங்கன்னு கேக்கறதுன்னா நானும் வந்து நின்னிருப்பேன். அண்ணன் முணுமுணுத்துக்கிட்டே வந்திருப்பார். மூணு பேரும் நின்னா அந்தாளு என்ன செய்வார்? புத்தகம் பாதியில நிக்குமே. ஏன்டா கேக்கலாம்னு தோணல உனக்கு?"

தோன்றியது. இரண்டாம் நாளே தோன்றியது. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கொடுத்துவிட்டால் நான் யாரைப் பழிவாங்குவது?

இதை அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "வீட்டுல அவரும் வேலையில்லாம இருக்காருடா" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை.

உள்ளே போனேன். "நான்தான் சார் எழுதினேன். அக்கா படிக்கவேயில்லை" என்றேன்.

தாழ்ப்பாள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். அந்தப் பொண்ணுக்கு இவ்ளோ திமிர் கிடையாது." இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "வாயால சொன்னது காத்தோட போயிடும். எழுதிக் கொடு. குழுவுக்கு ஒரு நகல் போகும், எனக்கு ஒண்ணு. அப்புறம் நீ கிளம்பலாம். அவ லீவு முடிஞ்சு வரலாம்."

"எழுதலைன்னா?"

"அதுக்கென்ன, கதவு திறந்துதான் இருக்கு. நீ சுதந்திரமான ஆள்தானே" என்றார். அவர் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு நாள் என் முகத்திலும் அதுதான் இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். பேனாவைத் திறந்தேன். மூடினேன். அவர் தலையில் கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு தடவை நினைத்துக்கொண்டேன், நாங்கள் மூவரும் வெளியில் இருக்கும்போது. அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது, காலுக்கு வைக்கிற அட்டைப்பெட்டி மட்டும் கீழே கிடந்தது.

"அண்ணே."

"ம்."

"ஆரம்பம் எப்படி?"

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிரிக்கவுமில்லை. "'உயர்திரு'ன்னு போடு. பேரு முழுசா."

போட்டேன்.

"பெருந்தன்மைன்னு ஒரு வார்த்தை வரணுமில்ல?"

"ரெண்டாவது வரியில. முதல் வரியிலேயே வந்தா நடிக்கறேன்னு தெரிஞ்சிடும்."

இரண்டாவது வரியில் போட்டேன். ஒரு பக்கம் நிறைய எழுதினேன். அக்காவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதை இரண்டு முறை எழுதினேன். நகலுக்காக அதையே இன்னொரு தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"மடிச்சுக் கொடுக்கலாமாண்ணே?"

"மடிக்காதே தம்பி. மடிச்சா பிரிக்கிற நேரத்துல மறுபடியும் கோபம் வந்துடும்."

மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனேன்.